கையை உயர்த்திய நேரம்

அன்புள்ள நண்பருக்கு,

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நீங்கள், பேஸ்பாலில் ஓர் அம்பயர் தந்த முடிவைக் காணொளியில் பார்த்துவிட்டு இவ்வளவு கொதித்துப்போய் எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆட்டத்தின் விதி முழுதாகப் பிடிபடாதபோதே அதில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் நியாயமானது. 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்டில், பிரேவ்ஸ் அணிக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கும் நடந்த ஒயில்ட் கார்டு ஆட்டத்தில் சாம் ஹோல்புரூக் சொன்ன முடிவு தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் ஆட்டத்தைப் பறித்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ரீப்ளே இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதையும்தான்.

முதலில் அந்த இரவின் கனம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒயில்ட் கார்டு அணிகள் இரண்டை ஒரே ஓர் ஆட்டத்தில் மோதவிடும் முறை அந்த ஆண்டுதான் அறிமுகமானது. 162 ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகு, ஒரே இரவில் வாழ்வா சாவா. பிரேவ்ஸ் 94 வெற்றிகளோடு வந்தது, கார்டினல்ஸ் 88. அட்லாண்டா ரசிகர்களுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. பெரிய லீகில் ஆடிய காலம் முழுவதையும் பிரேவ்ஸுக்கே கொடுத்த சிப்பர் ஜோன்ஸ், 40 வயதில், அந்த சீசனோடு விடைபெறுவதாக அறிவித்திருந்தார். தோற்றால் அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

எட்டாவது இன்னிங்ஸ். கார்டினல்ஸ் 6, பிரேவ்ஸ் 3. பேட்டிங் பிரேவ்ஸுடையது, ஓர் அவுட். இரண்டாம் பேஸில் டான் அக்லா, முதல் பேஸில் டேவிட் ராஸ். ஆண்ட்ரெல்டன் சிமன்ஸ் அடித்த பந்து இடப்பக்கமாக உயர எழும்பியது. கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப் (பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்களில் ஒருவர்) பீட் கோஸ்மா பின்னோக்கி ஓடினார். செம்மண் பகுதியைத் தாண்டி, புல்வெளிக்குள் வெகுதூரம் போய், தான் பிடிப்பதாகக் கையைத் தூக்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து லெஃப்ட் ஃபீல்டர் மேட் ஹாலிடே வந்துகொண்டிருந்தார். கடைசி நொடியில் கோஸ்மா விலகிக்கொள்ள, பந்து இருவருக்கும் நடுவே தரையில் விழுந்தது. மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது. மூன்று பேஸ்களிலும் ஆள், ஒரே ஓர் அவுட், ஒரு ஹோம் ரன் விழுந்தால் பிரேவ்ஸ் முன்னிலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்குள் லெஃப்ட் ஃபீல்ட் கோட்டருகே நின்ற ஹோல்புரூக்கின் கை உயர்ந்திருந்தது. இன்ஃபீல்ட் ஃப்ளை. பந்து விழுந்தாலும் விழாவிட்டாலும் சிமன்ஸ் அவுட்.

இனி விதி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

கிரிக்கெட்டில் கையில் வந்த கேட்சை வேண்டுமென்றே விட்டால் ஃபீல்டருக்குப் பொதுவாக ஒரு லாபமும் இல்லை. பேஸ்பாலில் உண்டு. பந்து அந்தரத்தில் இருக்கும்போது ரன்னர்கள் தங்கள் பேஸை விட்டு அதிகம் விலக முடியாது. கேட்ச் பிடிபட்டால் திரும்பி வந்து பேஸைத் தொட்டாக வேண்டும், தொடுவதற்குள் பந்து வந்துவிட்டால் அவர்களும் அவுட். அதே பந்து தரையில் விழுந்தால் நிலைமை தலைகீழ். பேட்டர் முதல் பேஸுக்கு ஓடிவருகிறார், அங்கே இருப்பவர் இரண்டாம் பேஸுக்குப் போயே தீர வேண்டும், இரண்டாவதில் இருப்பவர் மூன்றாவதுக்கு. ஆக, தந்திரக்கார ஃபீல்டர் ஒருவர் சுலபமான கேட்சை நழுவவிட்டு, பேஸை ஒட்டிக் காத்திருக்கும் ரன்னர்கள் இரண்டு பேரையும் அவுட்டாக்கிவிடலாம். பிடித்தால் ஓர் அவுட், விட்டால் இரண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இதைச் செய்யவும் செய்தார்கள். அதைத் தடுக்க 1890களில் கொண்டுவரப்பட்டதுதான் இந்த விதி. (இதைப் பற்றி 1975-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்கிற சட்ட மாணவர் ஒரு கட்டுரை எழுதினார். சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு இந்த விதியையே எடுத்துக்காட்டாக வைத்தார். அமெரிக்கச் சட்ட உலகில் இன்றும் பேசப்படும் கட்டுரை அது.)

விதி சொல்வது இவ்வளவுதான். அவுட் இரண்டுக்குக் குறைவாக இருந்து, முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்றிலுமோ ஆள் இருக்கும்போது, இன்ஃபீல்டர் ஒருவர் சாதாரண முயற்சியில் பிடித்துவிடக்கூடிய உயரப் பந்து எழும்பினால், அம்பயர் அதை உடனே அறிவிக்க வேண்டும். பேட்டர் அப்போதே அவுட். ஓடியே தீர வேண்டும் என்கிற கட்டாயம் ரன்னர்களுக்கு இல்லாமல் போகிறது. ரன்னர்களின் நன்மைக்காக அறிவிக்க வேண்டும் என்று விதிப்புத்தகமே காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. விதிகளில் காரணம் எழுதப்படுவது அபூர்வம். எழுதியிருக்கும்போது அதை நாம் மதிக்க வேண்டும்.

ஹோல்புரூக்கின் தரப்பை முழுதாகச் சொல்லாமல் அவரைக் குறை சொல்வது சரியில்லை. இன்ஃபீல்ட் ஃப்ளை என்ற பெயரைப் பார்த்து, பந்து செம்மண் பகுதிக்குள்தான் விழ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். விதியில் அப்படி எந்த எல்லையும் இல்லை. புல் தொடங்கும் இடமோ பேஸ்களுக்கு நடுவே உள்ள கோடோ கணக்கில்லை, இன்ஃபீல்டர் எளிதாகப் பிடிக்க முடியுமா என்பது மட்டுமே கணக்கு என்று விளக்கக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. கோஸ்மாவும் பந்துக்கு அடியில் போய் நின்றார், கையைத் தூக்கினார். நான்தான் பிடித்திருக்க வேண்டும் என்ற பொருளில் ஆட்டத்துக்குப் பிறகு அவரே பேசினார். பிரேவ்ஸ் மேனேஜர் ஃபிரெடி கொன்சாலெஸ் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தபோது, மைதானத்திலேயே இருந்த லீக் நிர்வாகி ஜோ டோரி அதை அங்கேயே தள்ளுபடி செய்தார். அம்பயரின் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட முடியாது என்பதே காரணம். காணொளியைப் பார்த்த பிறகும் ஹோல்புரூக் தன் முடிவு சரி என்றே சொன்னார். விதியின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் அவர் பக்கம் பலமானது.

ஆனாலும் அது தவறான முடிவு என்கிறேன். ஏன் என்றால், கை உயர்ந்த நேரம்.

பந்து விழுந்த இடம் ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 225 அடி என்று கணக்கிட்டார்கள். ஹோம் பிளேட்டுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே உள்ள தூரம் 127 அடி. கோஸ்மா எவ்வளவு பின்னால் போனார் என்பதை இதிலிருந்து பாருங்கள். பந்து எழும்பியது, உச்சிக்குப் போனது, இறங்கத் தொடங்கியது, கோஸ்மா அதுவரையும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்வாரா மாட்டாரா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஹோல்புரூக்குக்கும்தான். தெரிந்திருந்தால் முன்பே கையைத் தூக்கியிருப்பார். கோஸ்மா நின்ற பிறகுதான் தூக்கினார், கிட்டத்தட்ட உடனே பந்து தரையைத் தொட்டது. கேட்ச் சுலபமானதா என்று தீர்மானிக்க ஓர் அனுபவமுள்ள அம்பயருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது என்றால், அது சுலபமான கேட்ச் இல்லை. அவருடைய தாமதமே அவர் முடிவுக்கு எதிரான சாட்சி.

ஃபீல்டர் பந்துக்கு அடியில் நிலைகொள்ளும்வரை பொறுத்திருந்து அறிவிப்பதுதான் அம்பயர்களின் வழக்கம், எனவே தாமதம் இயல்பு என்று ஒரு பதில் உண்டு. நியாயமான பதில்தான். பேஸ்களுக்கு அருகே எழும்பும் பந்துக்கு அது பொருந்தும். அங்கே ஃபீல்டர் நாலு அடி நகர்ந்ததும் நிலைகொண்டுவிடுகிறார், பந்து இன்னும் மேலே இருக்கிறது, ரன்னர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. இங்கே கிடைக்கவில்லை. அக்லாவும் ராஸும் அந்த அறிவிப்பால் எந்தப் பாதுகாப்பும் பெறவில்லை. அப்படி ஒரு பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. அவ்வளவு பின்னால், ஓடிவந்த வேகத்தில், ஹாலிடே எதிரே வரும்போது, கேட்சை வேண்டுமென்றே விட்டு அங்கிருந்து இரண்டு பேரை அவுட்டாக்க கோஸ்மா திட்டமிட்டார் என்று யாருமே நினைக்கவில்லை. இரண்டு அவுட் கிடைக்குமா என்று அம்பயர் ஆராய வேண்டும் என விதி கேட்பதில்லை, அது உண்மை. ஆனால் அந்த ஆபத்து இருக்கும் இடத்தில்தான் சாதாரண முயற்சி என்ற சொல்லுக்கு அர்த்தமே இருக்கிறது. பேட்டிங் அணியை ஏமாற்றிலிருந்து காக்கப் பிறந்த விதி, ஏமாற்று எதுவும் இல்லாத இடத்தில், பேட்டிங் அணியின் அடியையே பறித்தது. என் கோபம் இதன் மேல்தான்.

அதன் பிறகு நடந்ததைக் காணொளி கொஞ்சம்தான் காட்டியிருக்கும். ரசிகர்கள் பாட்டில்களையும் கோப்பைகளையும் மைதானத்துக்குள் வீசினார்கள். ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 19 நிமிடம் ஆட்டம் நின்றது. நீங்கள் அதை மக்களின் இயல்பான கோபம் என்கிறீர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. கீழே நின்ற ஃபீல்டர்கள் மனிதர்கள், அம்பயர்கள் மனிதர்கள். ஒரு விதியை இன்னும் நேர்மையாகப் படித்திருக்கலாம் என்று கேட்கிறவர், யாருடைய தலையையும் குறிபார்த்து எதையும் எறியக்கூடாது.

ஆட்டம் பறிபோனது என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். பந்து விழுந்ததும் ரன்னர்கள் இருவரும் முன்னேறியிருந்தார்கள், எனவே இரண்டு அவுட்டுடன் இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ஆள் என்று ஆட்டம் தொடர்ந்தது. அடுத்து வந்த பிரையன் மெக்கேன் நான்கு ‘பால்’ (ஸ்ட்ரைக் ஆகாத பந்துகள்) பெற்று முதல் பேஸுக்குப் போனார். அப்போதும் மூன்று பேஸ்களும் நிறைந்தன. மைக்கேல் போர்ன் ஸ்ட்ரைக்அவுட் ஆனார். ஒன்பதாவது இன்னிங்ஸில்கூட சிப்பர் ஜோன்ஸ் ஒரு ஹிட் அடித்து, இரண்டு பேர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் நிற்கும்வரை வந்தது. வாய்ப்பு அதோடு மூடிவிடவில்லை. அதற்கு முன்பே பிரேவ்ஸ் மூன்று பிழைகள் செய்திருந்தது. அவற்றில் முதலாவது நான்காவது இன்னிங்ஸில் ஜோன்ஸ் உயரமாக எறிந்த ஒரு பந்து. 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் 3-2 என்று பின்தங்கியது. தன் கடைசி ஆட்டம் முடிந்ததும் அவர் ஹோல்புரூக்கைக் காரணம் காட்டவில்லை. தன் எறிதலைத்தான் காட்டினார். அவரை நான் மிகவும் மதிப்பது அன்றைய அந்தப் பேச்சுக்காக.

இன்னொன்று, பலர் மறந்துவிட்ட ஒன்று. அந்த 2-0 எப்படி வந்தது? இரண்டாவது இன்னிங்ஸில் ராஸ் ஒரு பந்தைச் சுழற்றித் தவறவிட்டார், ஸ்ட்ரைக்அவுட் என்றே தோன்றியது. ஆனால் பிட்ச்சர் எறியும் தறுவாயில் அவர் கேட்ட இடைநிறுத்தத்தை ஹோம் பிளேட் அம்பயர் அனுமதித்துவிட்டார், அதனால் அந்தப் பந்து கணக்கில் சேரவில்லை. பிழைத்துக்கொண்ட ராஸ் அதன் பின் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். அன்றிரவு அம்பயர்களின் முடிவுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன என்று சொல்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

ரீப்ளே பற்றி. பேஸ்பாலில் ரீப்ளேயால் தீர்ந்திருக்கக்கூடிய அநீதி எது என்று கேட்டால் நான் 1985-ஐச் சொல்வேன். அக்டோபர் 26, கான்சஸ் சிட்டி, வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம். தொடரில் 3-2 என்றும் ஆட்டத்தில் 1-0 என்றும் கார்டினல்ஸ் முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸின் தொடக்கத்திலேயே முதல் பேஸில் அவுட்டான ஹோர்ஹே ஒர்ட்டாவை டான் டெங்கிங்கர் அவுட் இல்லை என்றார். எதிரணியான கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2-1 என்று வென்றது, மறுநாள் 11-0 என்று தொடரையே வென்றது. டெங்கிங்கருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. தவறு நேர்ந்துவிட்டது என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கால் முதலா, பந்து முதலா என்பது கேமரா பதில் சொல்லக்கூடிய கேள்வி. 2012-இல் ஹோம் ரன் எல்லை தொடர்பான சந்தேகங்களுக்கு மட்டுமே ரீப்ளே இருந்தது. 2014-இல் அதை விரிவாக்கியபோது ஒர்ட்டாவுக்கு நேர்ந்தது போன்ற முடிவுகள் உள்ளே வந்தன. சாதாரண முயற்சியா இல்லையா என்ற மதிப்பீடு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. நாம் இருவரும் அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் கோஸ்மாவின் கால்கள் தெரியும், அந்த முயற்சி சாதாரணமா என்பதற்கான விடை திரையில் தெரியாது.

எனவே ரீப்ளேவைக் கேட்காதீர்கள், விதியில் ஒரு வரியைக் கேளுங்கள். பந்து உச்சியைத் தாண்டி இறங்கி வரும்போதும் ஃபீல்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார் என்றால், அது இன்ஃபீல்ட் ஃப்ளை ஆகாது என்று எழுதிவிடலாம். ரன்னர்களுக்கு இதனால் பெரிய இழப்பு வராது, ஏனென்றால் அவ்வளவு ஓட வேண்டிய பந்தை எந்த ஃபீல்டரும் வேண்டுமென்றே விடப்போவதில்லை. இதில் ஓட்டை இருந்தால் எனக்கு எழுதுங்கள். கிரிக்கெட் கண்ணோடு பார்க்கிற உங்களுக்கு, எனக்குத் தெரியாத ஒன்று தெரியக்கூடும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்