மேடையில் நிற்கப் போகிறவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

புத்தி கூர்மையாக வேண்டும், மேடையில் வந்து நின்றால் கூட்டம் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்கு என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போது நீ படித்துக்கொண்டிருக்கும் ஆளுமை வளர்ச்சிப் புத்தகங்களை முதலில் ஒதுக்கி வை. நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு என்று அவை சொல்வதெல்லாம் ராஜா வேஷத்துக்குச் சரி. அடுத்த நாடகத்தில் கடன்காரனைக் கண்டு ஒளிகிறவனாக வந்தால் என்ன செய்வாய்? ஒடுங்கி நிற்கிற அவனையும் கடைசி வரிசைக்காரன் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நம் தொழிலே அதுதான்.

ஸெயாமியிடமிருந்து தொடங்கு. ஜப்பானின் நோ நாடகத்தை வளர்த்தெடுத்த நடிகர். 1400ஐ ஒட்டி அவர் எழுதத் தொடங்கிய ‘ஃபூஷிகாதென்’ பல நூற்றாண்டுகள் வெளியாருக்குக் காட்டப்படாத நூல். 1909இல்தான் அச்சேறிப் பலர் கைக்கும் வந்தது. ஏழு வயது தொடங்கி ஐம்பதைத் தாண்டும்வரை நடிகன் எந்த வயதில் எதைப் பயில வேண்டும் என்று அதில் ஒரு பகுதி உண்டு. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதைப் பற்றி அவர் சொல்வதை இரண்டு முறை படி. குரல் தெளிந்து, உடம்பு வாகாகி, பார்த்தவர்களெல்லாம் மெச்சுகிற வயது அது. அந்த மெச்சல் இளமைக்குக் கிடைப்பது, வித்தைக்கு அல்ல என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிடுகிறார். தன் தகப்பனார் கான்அமி ஐம்பத்திரண்டு வயதில், சாவதற்குச் சில நாட்களுக்கு முன் ஆடியதையும் எழுதியிருக்கிறார். பெரும்பாலான ஆட்டங்களை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, எளியதைக் கொஞ்சமாக ஆடினாராம். கூட்டத்துக்கு அவரைத்தான் பிடித்திருந்தது.

அவருடைய இன்னொரு நூல் ‘ககியோ’, 1424இல் முடித்தது. மனசு பத்துப் பங்கு அசைந்தால் உடம்பு ஏழு பங்கு அசையட்டும் என்பார். பார்ப்பவன் இடத்தில் இருந்து உன்னையே பார், உன் முதுகு உட்பட என்றும் சொல்வார். கைப்பேசிக் கேமரா முன்னால் வளர்ந்த உங்கள் வயதுக்காரர்களுக்கு முகம் மட்டும்தான் நடிக்கிறது. முதுகு சும்மா கூட வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் ‘ஆன் ஆக்டர் பிரிபேர்ஸ்’ (1936) உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எல்லோரும் உணர்ச்சி நினைவைப் பற்றியே பேசுவார்கள். நீ கவனத்தைப் பற்றிய அத்தியாயத்தைப் பிடி. இருட்டு மேடையில் மேசை மேல் சிறு வட்டமாக விளக்கொளி விழுகிறது, அந்த வட்டத்துக்குள் மட்டும் இருக்கப் பழகுகிறான் மாணவன். பழகியபின் ஆயிரம் பேர் நடுவிலும் அவன் தனியாக இருக்க முடியும். தன்னை எப்படிக் காட்டுவது என்று தவிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றை உண்மையாகவே பார்த்துக்கொண்டிருப்பவனை விட்டுக் கண் அகலாது.

கீத் ஜான்ஸ்டோனின் ‘இம்ப்ரோ’ (1979) சிரித்துக்கொண்டே படிக்கலாம். தலையை அசைக்காமல் பேசினால் உயர்ந்தவனாகத் தெரிவாய், கை அடிக்கடி முகத்துக்குப் போனால் தாழ்ந்துவிடுவாய் என்கிறார். டீக்கடையில் சோதித்துப் பார். கடைக்காரரிடம் ஏன் என்று சொல்ல வேண்டாம்.

நம்மவர்களில் இருவரைச் சேர்த்துப் படி. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ படித்தவர்கள் வேலை நேரம் போக ஆடிய சுகுண விலாச சபையின் கதை. சபை தொடங்கியது 1891. அவ்வை சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ சங்கரதாஸ் சுவாமிகளிடம் சிறுவனாகச் சேர்ந்து, சோறும் பாட்டும் அடியும் ஒரே நாடகக் கம்பெனியில் கண்டவரின் கதை. மேடைக்கு இரண்டு வாசல்கள் இருந்தன என்பது அப்போது புரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். விபுலாநந்தரின் நாடகத் தமிழ் நூலான ‘மதங்க சூளாமணி’யின் (1926) நடை கடினம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும், படித்த உடனே எழுந்து நின்று செய்து பார். சண்முகம் புத்தகத்தை என்னிடமே வாங்கிக்கொள். பென்சிலில் கோடு போடலாம், பேனா கூடாது.

அன்புடன்,
உன் அண்ணன்