விரைவுச் சதுரங்கமும் தனிச் சிப்பாயும்

2022 பிப்ரவரியில், ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற இணையவழி விரைவுச் சதுரங்கப் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா, அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களுடன் 39 நகர்த்தல்களில் வென்றார். ஆட்டத்தின் தொடக்கம் 'டாராஷ் தடுப்பு' வகையைச் சேர்ந்தது. விரைவு ஆட்டத்திற்கு இது ஏன் பொருந்துகிறது?

முதலில் நேரத்தைக் கணக்கிடுவோம். ஒருவருக்கு 15 நிமிடம், அதாவது 900 விநாடி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். ஆகவே 39 நகர்த்தல்களுக்கு மொத்தம் 1290 விநாடி. சராசரி 33 விநாடி. முதல் 10 நகர்த்தல்களை நன்கு பயின்று, தலைக்குப் பத்து விநாடியில் முடித்துவிட்டால், மீதி 29-க்கும் தலா 41 விநாடி கிடைக்கும். (இது நம் உதாரணக் கணக்கே, அன்றைய கடிகாரம் காட்டிய நேரமன்று.)

இனிப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்துகிறது; கறுப்பும் அவ்வாறே. வெள்ளை, ராணியை அடுத்த மந்திரியின் சிப்பாயை இரு கட்டம் நகர்த்த, கறுப்பு தன் ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துகிறது. வெள்ளையின் ராணிப் பக்கக் குதிரை வெளிவந்ததும், கறுப்பு தன் ராணிப் பக்க மந்திரியின் சிப்பாயை இரு கட்டம் தள்ளுகிறது. இதுவே டாராஷ் தடுப்பு. ஜெர்மானிய மருத்துவர் சீக்பர்ட் டாராஷ் (1862–1934) இதற்குப் பெரிதும் வாதாடினார்.

பின்னர் சிப்பாய்கள் வெட்டுப்பட்டால், நடுவில் கறுப்புச் சிப்பாய் ஒன்று துணையின்றி நிற்கும். இருபுறமும் காக்கும் சிப்பாய்கள் இல்லாததால் அது பலவீனமே. ஆனால் மந்திரிகளுக்கு வழி திறக்கிறது. குதிரைகள் எளிதில் களமிறங்குகின்றன.

அந்தச் சிப்பாயின் முன் குதிரையை நிறுத்தி, அதை மெல்லச் சுற்றி வளைப்பதே வெள்ளையின் உத்தி. அதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். நீண்ட ஆட்டங்களில் அவை உண்டு: 1984-இல் கார்போவ், காஸ்பரோவின் டாராஷ் தடுப்பை இரு ஆட்டங்களில் முறியடித்தார். 33 விநாடியிலோ, முற்றுகையைத் திட்டமிடுவதற்குள் கறுப்பின் மிரட்டல்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆயினும் தொடக்கம் மட்டும் வெற்றி தராது. முடிவு நடு ஆட்டத்தில்தான்.

குயிலாப்பாளையத்தில் ஆடினாலும் கணக்கு இதுவே. நண்பருடன் இந்நிலையை ஆளுக்கு 15 நிமிடத்தில் பத்து ஆட்டமும், ஆளுக்கு 1 மணி நேரத்தில் பத்து ஆட்டமும் ஆடி, கறுப்பின் வெற்றிகளை எண்ணிப் பாருங்கள். சதுரங்கக் கடிகாரம் இல்லையேல், ஆளுக்கொரு நிறுத்துக் கடிகாரம் போதும்.