பனிக்கடல் பயணத்துக்குப் பெட்டி கட்டும் முறை



கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, உலகத்தில் நாலு இடம் பார்த்து வரலாம் என்று புறப்படும் மூத்த வணிகர்கள் நம்மிடையே உண்டு. காசிக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி கட்டுவது நமக்குப் பழகிய வேலை. ஆனால் பென்குயின், சீல், திமிங்கலம் ஆகியவற்றை அவை வாழும் இடத்திலேயே போய்ப் பார்க்கும் அண்டார்க்டிகா கப்பல் பயணம் வேறு வகை. அங்கே எதைக் கொண்டு போக வேண்டும் என்பது பாதிப் பாடம். எதைக் கொண்டு போகக் கூடாது என்பது மீதிப் பாடம். மளிகை வணிகர்களாகிய நமக்கு இந்த இரண்டாவது பாதிதான் மிக முக்கியம். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறோம்.

பயணத்தின் தன்மை

இப்பயணங்களில் பெரும்பாலானவை அர்ஜென்டினா நாட்டின் தென்கோடியில் உள்ள உசுவாயா துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன. பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. அங்கே அதுதான் கோடைக்காலம். சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். உலகின் கொந்தளிப்பான கடல்களில் இதுவும் ஒன்று. அதன்பின் அண்டார்க்டிகா தீபகற்பம் வரும். கோடையில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழும் மேலுமாக இருக்கும். காற்று வீசினால் இன்னும் பல டிகிரி குறைந்தது போல உடம்பு உணரும்.

அங்கே படகுத்துறை கிடையாது. சோடியாக் எனப்படும் காற்றடைத்த ரப்பர் படகில் ஏறி, கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, பனியிலும் கூழாங்கல்லிலும் நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓரிடத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் கரை இறங்கவே கூடாது என்பது விதி. ஆகவே முறை வரும்போது உடனே தயாராகும் வகையில் சாமான்கள் இருக்க வேண்டும்.

கடை இல்லாத ஊர்

நம் கடையில் ஒரு சரக்கு தீர்ந்தால் மொத்தக் கடைக்குச் சிட்டை அனுப்பி வரவழைத்துக்கொள்ளலாம். உசுவாயாவைக் கப்பல் தாண்டிய பிறகு அந்த வழி இல்லை. கப்பலில் சிறு கடை இருந்தாலும் அதில் நமக்கு வேண்டிய மாத்திரையோ மூக்குக் கண்ணாடியோ கிடைக்காது. எனவே, மறு கொள்முதல் இல்லாத இருப்பைத் திட்டமிடுவது போலப் பெட்டியைத் திட்டமிட வேண்டும். தொலைந்தால் பயணமே கெட்டுவிடும் என்ற பொருள் எதுவோ அதில் மட்டும் இரண்டு எடுங்கள். மற்றவற்றில் ஒன்று போதும். விமானச் சீட்டில் அச்சிட்டுள்ள எடை அளவைப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடை போடுங்கள். தராசு நம்மிடமே இருக்கிறது.

உடை: மூன்று அடுக்கு

ஒரே ஒரு தடித்த கம்பளிக் கோட்டை நம்பிப் போவது தவறு. மூன்று அடுக்காக உடுத்த வேண்டும்.

முதல் அடுக்கு, உடம்பை ஒட்டிய தெர்மல் உள்ளாடை. இது மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி பனியன் நம் வெயிலுக்கு உகந்தது, அங்கே ஆகாது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நடையை நிறுத்தியதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். இரண்டு அல்லது மூன்று ஜோடி போதும்.

இரண்டாம் அடுக்கு, சூட்டைத் தாங்கி வைக்கும் ஃபிளீஸ் சட்டை அல்லது கம்பளிச் சட்டை. இதில் இரண்டு.

மூன்றாம் அடுக்கு, தண்ணீரும் காற்றும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பல கப்பல் நிறுவனங்கள் மேலங்கியைத் தாமே தருகின்றன. முழங்காலுக்குக் கீழ்வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸையும் இரவலாகத் தருகின்றன. இவை கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். கால் அளவை ஐரோப்பிய எண்ணில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கால்சட்டையை மட்டும் பெரும்பாலும் நாமேதான் கொண்டு போக வேண்டும். அதை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் அலை அடிக்கும்போது பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

குளிர் உடைகளை விலைகொடுத்து வாங்க விரும்பாதவர்களுக்கு உசுவாயாவில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் உள்ளாடை, காலுறை, கையுறை இவற்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வதே நல்லது.

கை, கால், கண்

கைக்கு மெல்லிய உள் கையுறை இரண்டு ஜோடி, அதன்மேல் தண்ணீர் புகாத தடித்த கையுறை இரண்டு ஜோடி. மெல்லியதைப் போட்டபடியே புகைப்படக் கருவியை இயக்கலாம். காலுக்குக் கம்பளிக் காலுறை நான்கைந்து ஜோடி. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். காலுறையோடு போட்டுப் பார்த்தே அளவு சொல்ல வேண்டும். தலைக்கு ஊட்டிக்குப் போகும்போது போடும் குரங்குக் குல்லாயே நன்றாகப் பயன்படும். கழுத்துக்கு ஒரு கம்பளிச் சுற்று.

குளிர் ஊரில் வெயில் சுடாது என்று எண்ண வேண்டாம். புதுப் பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அடிக்கும். ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு, உதட்டுக் களிம்பு மூன்றும் கட்டாயம். படகில் ஏறும்போது இரு கையும் காலியாக இருக்க வேண்டும். எனவே கைப்பிடிப் பை வேண்டாம். முதுகில் மாட்டும் தண்ணீர் புகாத பையே வேண்டும். தொலைநோக்கி இருந்தால் பறவைகளை நெருங்காமலே நன்றாகப் பார்க்கலாம்.

குளிரில் மின்கலம் விரைவில் இறங்கும். உபரி மின்கலத்தை உள் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். பெட்டியில் போடக் கூடாது. அர்ஜென்டினாவின் மின்னழுத்தம் நம்முடையதை ஒத்ததே. செருகி மட்டும் வேறு.

மருந்தும் காகிதமும்

தினசரி மாத்திரைகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்து, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது. வெளிப்பையில் வைத்துக் கரை இறங்கக் கூடாது. கடல் மயக்கத்துக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு வாங்கி, டிரேக் நீரிணைக்குள் கப்பல் நுழைவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. கப்பலில் மருத்துவர் இருப்பார். பெரிய மருத்துவமனை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அவசரத்தில் நோயாளியை வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் புறப்பட வேண்டாம்.

இன்னொன்று. மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்திய அரசு வைத்துள்ள பட்டியலில் அர்ஜென்டினாவும் உண்டு. தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பி வருபவரை விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, அரசு அங்கீகரித்த மையத்தில் ஊசி போட்டுச் சான்று பெறுங்கள்.

கொண்டு போகக் கூடாதது

இப்போது முக்கியமான பாதிக்கு வருவோம்.

அண்டார்க்டிகாவில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு. அந்த நிலத்துக்கு வெளியிலிருந்து ஒரு விதையோ, மண்ணோ, பூச்சியோ வரக் கூடாது என்பதில் உலக நாடுகள் உறுதியாக இருக்கின்றன. 1959-ல் கையெழுத்தான அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் இந்தியா 1983-ல் சேர்ந்தது. 1991-ல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் உடன்படிக்கை பல பொருள்களைத் தடை செய்கிறது. கிருமி நீக்காத மண், பூச்சிக்கொல்லி, பொட்டலம் கட்டுவதற்குப் பயன்படும் தெர்மோகோல் மணிகள் ஆகியவை அதில் அடங்கும். புகைப்படக் கருவியை அது வந்த தெர்மோகோல் மணிப் பெட்டியோடு கொண்டு போகக் கூடாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

2007-08 பருவத்தில் அங்கு சென்றவர்களின் உடை, பை, காலணிகளை ஆய்வாளர்கள் சோதித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பயணிகளும் ஆராய்ச்சியாளர்களும் அவர்களுக்குத் துணை செய்யும் பணியாளர்களும் சேர்ந்து அந்த ஒரு பருவத்தில் கொண்டு சென்ற விதைகள் சுமார் 70,000 என்று கணக்கிட்டார்கள். யாரும் அறிந்து கொண்டு போனதல்ல. தையலிலும் காலுறையிலும் ஒட்டிப் போனவை.

இங்கேதான் நாம் மற்றப் பயணிகளைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காலை முதல் இரவு வரை மூடைகளுக்கிடையே நிற்பவர்கள் நாம். நம் சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தால் நாலு சீரகமோ, கொஞ்சம் கடுகோ, சணல் தும்போ இல்லாமல் இருக்காது. வாய்க்கு வேண்டும் என்று சோம்பும் ஏலக்காயும் பையில் போட்டு வைக்கும் பழக்கமும் நமக்கு உண்டு.

நம் கடுகு அந்தப் பனியில் முளைக்கவா போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் சமவெளி விதைகளில் பெரும்பாலானவை அங்கே முளைக்க மாட்டா. ஆனால் ஊட்டியிலோ இமயமலையிலோ போட்ட அதே காலுறையில் குளிர் தாங்கும் புல்விதை இருக்கலாம். உசுவாயாப் புல்வெளியில் நடந்த காலணியிலும் இருக்கலாம். போவா அன்னுவா என்ற சாதாரணப் புல் அப்படித்தான் கிங் ஜார்ஜ் தீவில் வேர் பிடித்தது. 1985-86 பருவத்தில் போலந்து நாட்டு ஆய்வு நிலையம் அருகே அது கண்டறியப்பட்டது. இன்று அதைப் பிடுங்கி எடுக்கப் பாடுபடுகிறார்கள். மண்ணோடு வரும் கிருமிகளுக்கோ முளைக்கும் விதை, முளைக்காத விதை என்ற பேதமே இல்லை.

அரிசியில் கல் கலந்தால் புடைத்துப் பிரிக்கலாம். உயிர் கலந்தால் பிரிப்பது எத்தனை கடினம் என்பதற்குத் தென் ஜார்ஜியா தீவு சாட்சி. சீல், திமிங்கல வேட்டைக் கப்பல்களோடு வந்த எலிகள் அங்கே தரையில் கூடு கட்டும் பறவைகளை அழித்துக்கொண்டிருந்தன. 2011 முதல் ஹெலிகாப்டரில் நச்சுணவு தூவி, 2018-ல்தான் எலி இல்லாத தீவு என்று அறிவிக்க முடிந்தது. இப்போது அங்கே செல்லும் கப்பல்களில் பயணிகளின் துணிமணியை அரசு அலுவலர் சோதிக்கிறார். விதையும் மண்ணும் கண்டால் கரை இறங்குவது தடைப்படும்.

பறவைக் காய்ச்சல் வேறு சேர்ந்திருக்கிறது. எச்5என்1 வகைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியாவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா நிலப்பரப்பிலும் உறுதி செய்யப்பட்டது. கோழி, முட்டை வணிகம் செய்யும் நம் அன்பர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். ஒரு பண்ணையில் மிதித்த கால் அடுத்த பண்ணைக்கு நோயைக் கொண்டு போகும். பென்குயின் கூட்டத்துக்கும் அதே நியாயம்தான். அதனால்தான் ஒவ்வொரு முறை கப்பலுக்குத் திரும்பும்போதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்கிறார்கள். கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ கூடாது. பென்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தண்ணீர் தவிர எந்த உணவையும் கரைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை

1. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா உடைகளையும் பைகளையும் பகல் வெளிச்சத்தில், வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் உதறுங்கள். விழுவது கண்ணுக்குத் தெரியும்.

2. எல்லாப் பைகளையும் உள்வெளியாகத் திருப்புங்கள். கால்சட்டை மடிப்பு, காலுறை, பையின் அடித்தையல், புகைப்படக் கருவி உறை, ஊன்றுகோல் முனை இவைதான் விதை ஒளியும் இடங்கள்.

3. வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டையைத் தனியே கவனியுங்கள். நாயுருவி துணியில் ஒட்டுவது போலப் புல்விதை அதில் மாட்டிக்கொள்ளும். ஊசியாலோ இடுக்கியாலோ ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

4. துவைத்த துணியைத் தானியம் காயும் மொட்டை மாடியில் உலர்த்த வேண்டாம். வீட்டுக்குள் உலர்த்துங்கள்.

5. காலணியின் அடிப்பள்ளங்களைச் சோப்புத் தண்ணீரும் பல் துலக்கியும் கொண்டு தேயுங்கள்.

6. கட்டிய பெட்டியைக் கடையிலோ கிடங்கிலோ வைக்காதீர்கள். கடைப் பை, சாக்கு எதையும் உள்ளே போடாதீர்கள்.

7. விதை, பழம், இறைச்சி, பால் பொருள்களுக்கு அர்ஜென்டினா, சிலி இரு நாடுகளின் எல்லையிலும் கட்டுப்பாடு உண்டு. சிலியில் அறிவிக்காமல் கொண்டு போனால் அபராதம். சைவ உணவு வேண்டுவோர் பயணத்தைப் பதிவு செய்யும்போதே கப்பல் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டால் பொடி, ஊறுகாய் சுமக்க வேண்டியதில்லை.

கரை இறங்கும் முன் கப்பல் ஊழியர்களும் நம் உடைகளைச் சோதித்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து நம் கடை ரசீதில் போடும் கையெழுத்துக்குச் சமம். உள்ளபடி இருந்தால்தான் போட வேண்டும்.

சுத்தமான சரக்கு என்று சொல்லி விற்கும் வணிகருக்கு இந்த ஒழுக்கம் புதிதல்ல. வாங்கும் சரக்கைப் புடைத்தும் சலித்தும் பார்ப்பவர்கள் நாம். அதே கண்ணோடு நம் பெட்டியையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுவோம்.