பட்டம் வாங்கியதும் வரைபடத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் எஸ்பிஎம் முடித்திருக்கிறாள். கட்டடக் கலைஞராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தாமான் கானாட்டில் உள்ள யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. 3 ஆண்டு படித்து முடித்ததும் சொந்த அலுவலகம் போடலாமா? சென்னையில் பி.ஆர்க் படிக்க வைக்கலாம் என்கிறார் என் அண்ணன். எது நல்லது? — ஒரு தாய், செராஸ்

பதில்: 3 ஆண்டில் முடியாது, அம்மா. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

1967-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி, லெம்பாகா ஆர்கிடெக் மலேசியாவில் பதிவு செய்தவர்தான் இங்கே தன்னைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள முடியும். லாம் என்று சுருக்கமாகச் சொல்வோம். அங்கே மூன்று படிகள். இளங்கலைப் பட்டம் பார்ட் 1, முதுகலைப் பட்டம் பார்ட் 2. அதற்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு வேலை அனுபவத்தோடு பார்ட் 3 தேர்வு. ஃபவுண்டேஷனையும் இடையில் வேலை பார்க்கும் காலத்தையும் சேர்த்தால் 8, 9 ஆண்டுகள் ஆகிவிடும்.

ஏன் இத்தனை கெடுபிடி? 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். அதை வடிவமைத்தவர் முழுத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்ல, பதிவு பெற்ற கட்டட வரைவாளர் என்பது பின்னர் நடந்த வழக்கில் வெளிவந்தது. கட்டடத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவையும் வடிகாலையும் கவனிக்கவில்லை என்று நீதிமன்றம் அவரையும் பொறுப்பாக்கியது. 2007 முதல், கட்டடம் குடிபுகத் தகுதியானது என்ற சிசிசி சான்றிதழைத் தருவதும் திட்டத்தைச் சமர்ப்பித்த நிபுணர்தான். உங்கள் மகளின் கையெழுத்தை நம்பி ஒரு குடும்பம் குடியேறும். அதனால் இந்த ஆண்டுகளை நான் வீண் என்று சொல்லவே மாட்டேன்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் பணம் கட்டுமுன் லாம் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். எம்கியூஏ எனும் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் வேறு, லாம் அங்கீகாரம் வேறு. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மகள் சேரப்போகும் அதே படிப்பு இருக்கிறதா, பார்ட் 1-க்கு மட்டுமா பார்ட் 2-க்குமா, அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பிடிபிடிஎன் கடன் வாங்கிப் படித்துவிட்டுப் பிறகு முழிக்கக் கூடாது. சுங்கை லோங்கில் உள்ள உத்தார், சுபாங் ஜெயாவில் உள்ள டெய்லர்ஸ், அரசுப் பல்கலைக்கழகங்களான மலாயா, யூடிஎம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்னைப் படிப்பு தரமானதுதான். ஆனால் 5 ஆண்டு பி.ஆர்க், இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு செய்வதற்கான வழி. லாம் பட்டியலில் இல்லாத பட்டத்தோடு திரும்பினால், லாம் நடத்தும் தேர்வுகளை இங்கே எழுத வேண்டிவரும். மலேசியாவில்தான் தொழில் செய்யப்போகிறாள் என்றால் இங்கேயே படிக்கட்டும்.

பார்ட் 2 முடிந்ததும் பெரிய பெயருள்ள அலுவலகமாகத் தேடி ஓட வேண்டாம். பார்ட் 3-க்கு லாக் புத்தகம் எழுத வேண்டும். என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று பதிந்து, மேற்பார்க்கும் கட்டடக் கலைஞரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாள் முழுக்கக் கணினியில் கழிவறை டைல்ஸ் வரைந்துகொண்டிருந்தால் அந்தப் புத்தகம் நிறையாது. டிபிகேஎல்லிலோ காஜாங் நகராண்மைக் கழகத்திலோ திட்டம் சமர்ப்பிப்பது, குத்தகையாளரோடு கூட்டம், கட்டுமான இடத்தில் குறை பார்ப்பது, சிசிசி என எல்லாவற்றுக்கும் கூட்டிப்போகும் சின்ன அலுவலகமே மேல்.

இப்போதைக்குக் கணிதத்தில் கிரெடிட் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கைக்குப் பல இடங்களில் வரைந்த படங்களைக் கேட்பார்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவற்றைக் கொண்டுபோக வேண்டாம். ஓர் அளவுநாடா வாங்கிக் கொடுத்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அனுப்புங்கள். ஒரு பழைய கடைவீட்டின் அஞ்சடியில் தூணுக்குத் தூண் எவ்வளவு தூரம், படி எவ்வளவு உயரம், மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று அளந்து வரையட்டும்.