பரிசம் போடும் சிலந்தி: நெல் வயல் காவலனின் குடும்ப வாழ்க்கை

நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளை விவசாயிகள் நன்கு அறிவார்கள். அப்பூச்சிகளைப் பிடித்துத் தின்று பயிரைக் காக்கும் உயிரினங்களை அறிந்தவர்கள் குறைவு. அவற்றுள் முக்கியமானது சிலந்தி. கிராமத்தில் இதனை எட்டுக்கால் பூச்சி என்பார்கள். ஆனால் இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததல்ல. பூச்சிக்கு 6 கால்கள். சிலந்திக்கு 8 கால்கள், இறக்கை கிடையாது.

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இன்று தொழிற்சாலை மதில்களுக்கு நடுவேயும் ஏரிப் பாசனத்தில் நெல் சாகுபடி நடைபெறுகிறது. 1 ஏக்கர், 2 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு மருந்துச் செலவும் ஆள்கூலியும் பெரும் பாரம். கூலியில்லாமல் இரவும் பகலும் வயலைக் காக்கும் சிலந்தி எப்படிப் பெருகுகிறது என்று தெரிந்துகொண்டால், தேவையற்ற மருந்துச் செலவைத் தவிர்க்கலாம்.

வயலில் உள்ள சிலந்திகள்

ஓநாய் சிலந்தி வலை பின்னுவதில்லை. தூரின் அடிப்பாகத்திலும் நீரின் மேலும் ஓடி இரை பிடிக்கும். முதுகில் கவட்டை போன்ற வெளிர் கோடு இருக்கும். நடவு செய்தவுடன் வயலுக்குள் நுழைவது இதுவே. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-ல் வெளியிட்ட கையேட்டின்படி, இது நாள் ஒன்றுக்கு 5 முதல் 15 இரைகளைத் தின்னும். புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் இதற்குப் பிடித்த உணவு.

கால்களில் முட்கள் கொண்ட மற்றொரு வகை, பயிரின் மேற்பகுதியில் தாவித் தாவி வேட்டையாடும். குருத்துப்பூச்சி, இலைச் சுருட்டுப்புழு ஆகியவற்றின் தாய் அந்துப்பூச்சிகளில் தினமும் 2 அல்லது 3-ஐக் கொல்லும். நீண்ட தாடைச் சிலந்தி, நெல் இலையோடு இலையாகக் கால்களை நீட்டிப் படுத்திருக்கும். வட்ட வலை பின்னும்.

ஆண் சிலந்தியின் பாடு

சிலந்தி இனத்தில் பெரும்பாலும் பெண்ணே பெரியது. கண்பார்வை மங்கலான பல வகைகளில், எதிரே அசைவதெல்லாம் பெண்ணுக்கு இரையாகத் தோன்றும். ஆகவே இணை சேர வரும் ஆண், "நான் இரையல்ல" என்பதை முதலில் தெரிவிக்க வேண்டும். தவறினால் உயிர் போகும். பெண் பசியோடு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆணின் விந்து வயிற்றுப் பகுதியிலிருந்து வெளிப்படும். ஆண் சிறு வலை ஒன்று பின்னி அதில் விந்துத் துளியை விட்டு, வாய்க்கு அருகிலுள்ள இரண்டு உணர்கைகளின் நுனியில் அதை உறிஞ்சி நிரப்பிக் கொள்ளும். இந்த உணர்கைகளால்தான் பெண்ணின் உடலில் செலுத்தும். இதன் பின்பே பெண்ணைத் தேடிப் புறப்படுகிறது.

ஓநாய் சிலந்திப் பெண் நடந்த வழியில் விட்டுச் சென்ற நூலில் வாசனை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே ஆண் வந்து சேரும். எதிரில் நின்று உணர்கைகளையும் முன்கால்களையும் ஆட்டும். தரையையோ இலையையோ தட்டி அதிரச் செய்யும். இந்தத் தாளம் இனத்துக்கு இனம் மாறும். தன் இனத்தின் தாளம் என்று தெரிந்தால் பெண் இடம் கொடுக்கும்.

நீண்ட தாடைச் சிலந்தியின் வழி வேறு. ஆண் தன் தாடையிலுள்ள முள்ளைக் கொண்டு பெண்ணின் விஷப்பற்களை விரிந்த நிலையிலேயே பூட்டிவிடும். இணை சேர்ந்து முடியும் வரை பெண்ணால் கடிக்க முடியாது.

பரிசப் பொட்டலம்

நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடும் வழக்கம் உண்டு. ஐரோப்பாவில் புல்வெளிகளில் வாழும் ஒரு வகைச் சிலந்தியும் இதையே செய்கிறது. ஆண் ஒரு ஈயைப் பிடிக்கும். தான் தின்னாமல், வெண்ணிற நூலால் சுற்றிப் பொட்டலமாக்கிப் பெண்ணிடம் நீட்டும். பெண் அதைக் கவ்வித் தின்னும் நேரத்தில் ஆண் இணை சேர்ந்து கொள்ளும். தின்ன அதிக நேரம் பிடிக்கும் இரையாக இருந்தால், இணை சேரும் நேரமும் நீளும்.

இதிலும் ஏமாற்று உண்டு. சில ஆண்கள் உலர்ந்த பூச்சிக் கூட்டையோ செடித் துணுக்கையோ சுற்றிக் கொடுத்துவிடும். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பெண் விரைவில் விலகிவிடும். பெண் பொட்டலத்துடன் ஓடப் பார்த்தால், ஆண் அதை விடாமல் பற்றிக்கொண்டு செத்தது போல் கிடக்கும். பெண் நின்று தின்னத் தொடங்கியதும் எழுந்து காரியத்தைத் தொடரும்.

நம் வயல் ஓநாய் சிலந்தி இவ்வாறு பரிசம் போடுவதில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். பெண் சிலந்தி வயிறார உண்டால்தான் இனம் பெருகும்.

தாயின் சுமை

பெண் சிலந்தி விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை இணை சேர்ந்தாலே பல முறை முட்டையிட முடியும். ஓநாய் சிலந்திப் பெண் 3 அல்லது 4 மாதம் உயிர் வாழ்ந்து, 200 முதல் 400 முட்டைகள் இடும். முட்டைப் பையை வயிற்றின் பின்புறம் ஒட்டிச் சுமந்து திரியும். பொரித்து வரும் 60 முதல் 80 குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முட்டைப் பையோடு ஓடும் ஒரு சிலந்தி மருந்தில் மடிந்தால், ஒரு குடும்பமே போய்விடுகிறது.

மருந்தால் வரும் கேடு

புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் செருகி வைக்கும். மருந்து அடித்தால் வெளியே உள்ள புகையானும் சிலந்தியும் சாகும்; இலையுறைக்குள் உள்ள முட்டை தப்பிவிடும். சில நாட்களில் அவை பொரித்து வரும்போது தின்பதற்குச் சிலந்தி இல்லை. எனவே புகையான் முன்னைவிடப் பெருகிப் பயிர் வட்ட வட்டமாகப் புகைந்து போகிறது. செயற்கைப் பைரித்திராய்டு வகைகளும் குயினால்பாசும் இவ்வாறு புகையானைப் பெருகச் செய்யும் மருந்துகள். இந்தோனேசியாவில் இக்கேடு முற்றியதால், 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தது.

எண்ணிப் பார்த்து முடிவு செய்க

வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு 1 புகையான் என்ற அளவே பொருளாதாரச் சேத நிலை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூர் ஒன்றுக்கு 2 புகையான் வரும் வரை பொறுக்கலாம். அதாவது 20 தூர் உள்ள குத்தில், சிலந்தி இல்லாவிட்டால் 20 புகையான். ஒரு சிலந்தி இருந்தால் 40 புகையான்.

சிலந்தி பெருக வழிகள்

1. நடவு செய்த முதல் 30, 40 நாட்களில், சேத நிலையைத் தாண்டினாலன்றி மருந்து அடிக்கக் கூடாது. சிலந்தி குடியேறும் காலம் இது.

2. தொழு உரமும் தழை உரமும் இட வேண்டும். இவை மக்கும் நீரில் தோன்றும் தீங்கற்ற சிறு பூச்சிகள், புகையான் வருவதற்கு முன்பே சிலந்திக்கு உணவாகும்.

3. வரப்பில் உளுந்து அல்லது தட்டைப்பயறு விதைத்தால் சிலந்திக்கு இருப்பிடம் கிடைக்கும்.

4. சம்பா அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்தக் கூடாது. வைக்கோலைச் சிறு கட்டுகளாகக் கட்டி வயலோரம் வைத்தால் சிலந்திகள் அதில் தங்கும். நவரை நடவானதும் அக்கட்டுகளை வயலுக்குள் ஆங்காங்கே வைக்கலாம்.

5. 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நட வேண்டும். யூரியாவை அளவோடு பிரித்து இட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் புகையான் குறையும்.

6. சேத நிலையைத் தாண்டினால், முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தூரின் அடியில் படும்படி தெளிக்கலாம். அதற்கும் கட்டுப்படாவிட்டால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு, புகையானைப் பெருக்காத மருந்தை மட்டும் வாங்க வேண்டும்.

தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன், குனிந்து தூரின் அடியை ஒரு முறை பார்த்தல் நல்லது. குஞ்சுகளைச் சுமந்தபடி தாய்ச் சிலந்திகள் அங்கு ஓடினால், அந்த வயலில் காவல் நடந்துகொண்டிருக்கிறது.