வயிற்றுப்புண்ணும் ஒரு கிருமியும்



நம் குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நன்மையே செய்கின்றன. ஆனால் இரைப்பையில் குடியேறும் ஒரு கிருமி அல்சருக்கும் புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடும். அதைப் பற்றி இவ்விதழில் சிந்திப்போம்.

"கவலையை விடு, காரத்தைக் குறை" என்பதே நெடுங்காலம் அல்சர் நோயாளிகள் கேட்டுவந்த அறிவுரை. இரைப்பையின் அமிலத்தில் கிருமி பிழைக்காது என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர் ராபின் வாரன், இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமிகளைக் கண்டார். பின்னர் டாக்டர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். ஆய்வுக்கூடத் தட்டுகளில் இரண்டு நாளில் ஒன்றும் வளராததால் அவை எறியப்பட்டு வந்தன. 1982-ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகள் கூடுதல் நாட்கள் இருந்துவிட்டன. அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது! அதற்கு இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர்.

பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி கண்டு, இரைப்பை அழற்சியும் உண்டாயிற்று. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் சேர்த்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நோயாளிகளின் படுக்கையருகே அமரும் நாங்கள் இதில் ஒரு பாடம் காண்கிறோம். "உன் கவலைதான் உன் நோய்" என்பது வலியோடு பழியையும் சுமத்துவதாகும். ஆறுதல் சொல்வோம்; காரணத்தைக் கண்டறிய மருத்துவரிடமும் அனுப்புவோம்.

நினைவில் கொள்ள:

1. இக்கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அல்சரோ புற்றுநோயோ வருவதில்லை. ஆகவே பீதி வேண்டாம்.

2. மூச்சு, மலம் அல்லது எண்டோஸ்கோபிப் பரிசோதனையால் இதைக் கண்டறியலாம்.

3. ஆண்டிபயாடிக் மருந்துகளையும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் பொதுவாக 14 நாட்கள் சேர்த்துக் கொடுப்பார்கள். வலி நின்றதும் பாதியில் விட்டால், பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

4. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளாலும் அல்சர் வரும். அவற்றை உட்கொள்வதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

5. கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை கண்டால் தாமதிக்கக்கூடாது.

உங்கள் சபையில் ஆண்டுக்கணக்காக அமில மாத்திரையோடு காலம் தள்ளுவோர் இருக்கக்கூடும். அவர்களை ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து முடியும்வரை உடனிருந்து விசாரியுங்கள். அதுவும் ஓர் ஊழியமே.