வாசல்தானே என்று செருப்போடு இறங்காதீர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் விடியற்காலை வண்டிக்கு நிற்கிறவர்களின் காதில் மப்ளர் ஏறிவிடும். வெளிவட்டச் சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊரும். 20 டிகிரிக்கு இறங்கினாலே நமக்குக் குளிர்காலம். இதே காலத்தில்தான் நம் பக்கத்திலிருந்து வயதான அம்மா அப்பாக்கள் கனடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். மகளுக்குப் பிரசவம் என்பார்கள், மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். என் தெருவில் மட்டும் இந்த ஆண்டு மூன்று வீடுகளில் பெட்டி கட்டுகிறார்கள். பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் ஆவடியிலும் இதைப் படிக்கிற பல வீடுகளில் இதே வேலை நடந்துகொண்டிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே போய் இறங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பனி என்ற சொல்லை மறந்துவிடுங்கள். நம்மூரில் பனி இறங்குகிறது என்றால் புல்லில் நீர்த்துளி, தலையில் ஈரம், மறுநாள் சளி. அங்கே பனி முழங்கால் உயரம் குவியும். பகலில் லேசாக உருகி, இரவில் மறுபடி உறைந்து, நடைபாதையில் கண்ணாடிபோல் படியும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் பெரியவர்கள் சொன்ன மாதக் கணக்கு மட்டும் அந்த நாட்டுக்கும் பொருந்துகிறது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, நம் தை மாதம் முழுக்க, அங்கே குளிரின் உச்சம். டொராண்டோவில் மைனஸ் 10 சாதாரண இரவு. சில நாள் மைனஸ் 20 வரை போகும். வின்னிபெக், எட்மண்டன் பக்கம் மைனஸ் 30 வருவதும் உண்டு. யூகான் பகுதியின் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று பதிவான மைனஸ் 63 டிகிரிதான் கனடாவின் மிகக் கடுமையான குளிர்.

ஆனால் செல்போனில் தெரியும் அந்த எண்ணை மட்டும் பார்த்து வெளியே கிளம்பாதீர்கள். காற்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் உடம்பைச் சுற்றி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் போர்வை ஒன்று இருக்கிறது. வீசுகிற காற்று அதைப் பறித்துக்கொண்டு போய்விடும். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 26. மைனஸ் 20 டிகிரியில் அதே காற்று என்றால் மைனஸ் 33. அந்த நாட்டு வானிலைத் துறை இதை 'விண்ட் சில்' என்று தனியாகவே அறிவிக்கிறது. அந்த எண் மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும். காலையில் எழுந்ததும் காபிக்கு முன் மகனிடமோ மகளிடமோ இந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். மைனஸ் 28 என்றால் அன்று உங்களுக்கு வெளிவேலை எதுவும் வேண்டாம்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பனிப்புயலில் இல்லை. இங்கிருந்து கொண்டுபோகும் பழக்கத்தில். நான் முதல் முறை டொராண்டோவின் ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் இருந்த ஜனவரியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். குப்பைப் பையை வாசல் ஓரத் தொட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று நைட்டியும் ஸ்வெட்டரும் ரப்பர் செருப்புமாக இறங்கினேன். பத்தடி தூரம்தான். திரும்பி வந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சாவி உள்ளே, போன் உள்ளே. கைவிரல்கள் கொஞ்ச நேரத்தில் மடங்கவில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஜன்னல் வழியே பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கால் விரல்கள் இரண்டு அதற்குப் பிறகு ஒரு மாதம் மரத்தே கிடந்தன. வாசல்தானே என்ற நினைப்புதான் ஆபத்து. அங்கே வாசலும் வெளியூர் மாதிரிதான். கோட்டும் பூட்ஸும் சாவியும் போனும் இல்லாமல் கதவைத் தாண்டாதீர்கள்.

அதே போலத்தான் தலைக்குளியல். செவ்வாய், வெள்ளி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு கோலம் போட வாசலுக்கு வரும் நமக்கு, ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஈரமுடி சில நிமிடத்தில் கம்பிபோல் விறைத்துவிடும், உடம்பின் சூடும் அந்த வழியே இறங்கும். தலைக்குக் குளித்த நாளில் முடி முழுக்கக் காயும்வரை வெளியே போக வேண்டாம். கோயிலுக்குப் போவதாக இருந்தாலும் முதல் நாள் மாலையிலேயே குளித்துவிடுங்கள்.

துணியிலும் நம் வழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்பது நம் வெயிலுக்குப் பொருந்தும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், குளிரில் அந்த ஈரம் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும். உடம்பை ஒட்டி தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத கோட்டு. தெர்மலை மட்டும் இங்கேயே இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டையும் பூட்ஸையும் அங்கே வாங்குவதே நல்லது, நம்மூர்க் கடைகளின் ஜாக்கெட் ஊட்டிக்குச் சரி, டொராண்டோவுக்குப் போதாது. பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். கைக்கு, விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை மாதிரிக் கையுறை அதிகச் சூடு தரும். புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் உள்ளே தெர்மல் பேண்ட் போட்டுக்கொண்டு கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுங்கள். சேற்றுப்பனியில் நனைந்த கரை காலைச் சுற்றி விறைத்துக்கொள்ளும். வெளியே போகும் நாளில் சுடிதார் போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

விமானத்தில் போகும்போது ஒரு கோட்டோ கனமான ஸ்வெட்டரோ கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து கார் நிறுத்துமிடம் வரை நடக்கும் அந்தத் தூரம்தான் உங்கள் முதல் குளிர். பிள்ளைகளிடம் கோட்டையும் பூட்ஸையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்தது சாம்பிராணி. இதை அம்மாக்கள் கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவது நமக்குத் தலைமுறைப் பழக்கம். நம் வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும், கதவிடுக்கு இருக்கும். அங்கே குளிர் புகாமல் வீட்டையே அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, தலைவலியும் வாந்தியுமாகத் தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். 2013 டிசம்பரில் டொராண்டோவில் உறைமழை பெய்து சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளும் கராஜிலும் வைத்தவர்கள் இந்த வாயுவுக்கு ஆளானார்கள். குழந்தைக்குப் புகை வேண்டாம். வெதுவெதுப்பான டவலில் தலையைத் துவட்டினால் போதும். பொங்கல் அன்றும் கராஜில் கரி அடுப்போ கேஸ் அடுப்போ மூட்டாமல் சமையலறை அடுப்பிலேயே பானையை வையுங்கள். கூரையில் இருக்கும் புகை, வாயு அலாரம் கத்துகிறதே என்று அதன் பேட்டரியை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

இனி ஹாக்கி. நமக்கு ஹாக்கி என்றால் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் பாஸ்கரன் நம் தமிழ்நாட்டுக்காரர் என்ற பெருமை. 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. கனடாவில் ஹாக்கி என்று மொட்டையாகச் சொன்னால் பனித்தரையில் ஆடுவதுதான். 1994-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டே அதைத் தேசியக் குளிர்கால விளையாட்டு ஆக்கியிருக்கிறார்கள். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967-ல். அந்த ஏக்கத்தை இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பேசுகிறார்கள். அங்கே பிறந்த உங்கள் பேரனும் பேத்தியும் அந்தக் காய்ச்சலோடுதான் வளர்வார்கள். சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிப் பயிற்சிக்கு உங்களையும் கூட்டிப்போவார்கள். போங்கள், கண்டிப்பாகப் போங்கள். பனியைக் கீறிக்கொண்டு பறக்கும் பிள்ளையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்.

ஆனால் உள்ளரங்கம்தானே என்று சாதாரண ஸ்வெட்டரில் போய் உட்காராதீர்கள். தரையில் ஐஸ் உருகாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த அரங்கமே குளிரில்தான் கிடக்க வேண்டும். இரும்பு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பும் முட்டியும் இறுகிவிடும். மடித்த கம்பளி ஒன்றை அடியில் போடுங்கள், ஒரு பிளாஸ்க்கில் சூடான சுக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள், இடைவேளையில் எழுந்து நடங்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளையின் வியர்த்த உள்ளாடையை மாற்றாமல் வெளியே கூட்டிவர வேண்டாம். காரில் குழந்தை இருக்கையில் தடித்த கோட்டோடு பெல்ட் போட்டால் விபத்தின்போது பெல்ட் தளர்ந்துபோகும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, மேலே போர்வை போர்த்துங்கள்.

உறைந்த குளத்தில் ஆடப் போகிறேன் என்று பேரன் அடம்பிடித்தால், அங்கே பாட்டி தாத்தாவின் கண்டிப்பு வேண்டும். ஒருவர் நடக்கவோ சறுக்கவோ குறைந்தது 15 சென்டிமீட்டர் ஐஸ் இருக்க வேண்டும், கூட்டமாக ஹாக்கி ஆட 20 என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். தெளிந்த நீலநிற ஐஸ் உறுதியானது. வெள்ளையாக இருந்தால் அதில் பாதி பலம்தான். சாம்பல் நிறமாக இருந்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது, காலே வைக்கக் கூடாது. நகராட்சி அளந்து அனுமதித்த இடம் தவிர வேறு எங்கும் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிடுங்கள்.

நடக்கிற விதத்தையும் மாற்றுங்கள். கோயில் குளத்தில் பாசி படிந்த படியில் எப்படி இறங்குவீர்களோ அப்படித்தான் அங்கே தெருவில் நடக்க வேண்டும். சின்ன அடி, பாதம் முழுதும் படிய, முட்டி லேசாக மடங்கி, கை கோட்டுப் பைக்குள் போகாமல். ஈரமாக மினுங்கும் தரை பெரும்பாலும் ஈரமே இல்லை, ஐஸ். அறுபதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் பயணமே படுக்கையில் முடிந்துவிடும்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் முக்கியம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஸ்டென்ட் வைத்தவர்களும் நெஞ்சுவலிக்கு மருந்து எடுப்பவர்களும் மகனுக்கு உதவுகிறேன் என்று பனி வாரும் மண்வெட்டியைத் தொடவே கூடாது. ஒவ்வொரு குளிர்காலமும் அந்த வேலையில் மாரடைப்பு வருகிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு உறைவது தெரியாது, தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாகப் பாருங்கள். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும், விமானத்தில் கைப்பையிலும் வெளியே கோட்டின் உள்பையிலும் இருக்கட்டும், காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். கனடாவின் கையேடுகளில் உறையும் தோல் சிவந்து பிறகு வெளுக்கும் என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்த மாதிரியோ மெழுகு மாதிரியோதான் தெரியும். மரத்துப்போய் அப்படி மாறினால் தேய்க்காதீர்கள், ஹீட்டரில் காட்டாதீர்கள். கை தாங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, மருத்துவரைப் பாருங்கள். குளிரில் நின்றவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு நாக்குக் குழறித் தள்ளாடினால் அது ஆறுதல் இல்லை, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. உடனே அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள்.

பெற்றோருக்கான சூப்பர் விசாவில் போகிறவர்களுக்கு 1 லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சாதாரண விசாவில் போகிறவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள், இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் வேண்டிய நேரத்தில் பணம் வராது.

அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளும் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள்: கடுங்குளிரில் போன் பேட்டரி திடீரென்று செத்துவிடும், இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அது உள்பையில் உடம்பை ஒட்டியே இருக்கட்டும்.

டிசம்பரில் அங்கே மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அடைத்த வீட்டில் தனியாக இருப்பது குளிரைவிடக் கனமாக இருக்கும். இங்கே காலை எட்டு மணி என்றால் டொராண்டோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. அக்கா தங்கை, பக்கத்து வீட்டார் எல்லோரும் அந்த நேரத்தில் ஒரு போன் செய்யுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் பிள்ளையின் வீட்டு முகவரி, அவர்கள் போன் எண், சாப்பிடும் மருந்துகள், 911, இவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய அன்றே பக்கத்து வீட்டாருக்கு உங்களை அறிமுகப்படுத்திவைக்கச் சொல்லுங்கள்.